பங்கு உண்டு, கையில் வராது: ஊழியர்களே உரிமையாளராக இருக்கும் அமெரிக்க நிறுவனத்தில் எலக்ட்ரிகல் டிசைனராகச் சேரப் போகிறவர்களுக்கு

கான்சாஸ் சிட்டியில் எனக்கு வேலை கிடைத்தபோது ஆஃபர் லெட்டரில் 'எம்ப்ளாயி-ஓனர்' என்று போட்டிருந்தது. அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "அப்போ கம்பெனியில நீயும் ஒரு முதலாளியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்கே புரிய நாலைந்து வருஷம் ஆனது. கோவையில் பேனல் போர்டு செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள் நான். இதே வழியில் வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை நீங்கள் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் 'ஈசாப்' என்றால் ஸ்டாக் ஆப்ஷன் என்றுதான் அர்த்தம். சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலிடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று செய்தி வந்ததே, அந்த வகை. குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையை உங்களுக்குத் தருவார்கள், நீங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும், பட்டியலிட்டால் லாபம். அமெரிக்காவில் ஈசாப் என்றால் எம்ப்ளாயி ஸ்டாக் ஓனர்ஷிப் பிளான், அது வேறு சமாச்சாரம். ஒரு அறக்கட்டளை கம்பெனியின் பங்குகளை வைத்திருக்கும், அதில் உங்கள் பெயருக்கு ஒரு கணக்கு இருக்கும். நீங்கள் ஒரு டாலர்கூடப் போட வேண்டாம். ஆனால் எடுக்கவும் முடியாது, கம்பெனியை விட்டுப் போகும்வரை. சுருக்கமாக, இது ஒரு ஓய்வுகாலக் கணக்கு. சம்பளத்திலிருந்து பிடித்துப் போடும் ஓய்வுகாலச் சேமிப்பான 401கே-வுக்கு அக்கா தங்கை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லூயிஸ் கெல்சோ என்ற வழக்கறிஞர் 1956-ல் பாலோ ஆல்டோவில் ஒரு பத்திரிகை நிறுவனத்துக்காக இப்படி ஒரு ஏற்பாட்டை முதலில் செய்தார். 1974-ல் வந்த ஓய்வூதியச் சட்டம் அதற்குச் சட்டபூர்வமான வடிவம் கொடுத்தது. இன்று பொறியியல் ஆலோசனைத் துறையில் இது சகஜம். கான்சாஸ் சிட்டியின் பர்ன்ஸ் அண்ட் மெக்டானலை 1980-களின் நடுவில் ஊழியர்கள் ஆர்ம்கோ எஃகு நிறுவனத்திடமிருந்து வாங்கினார்கள். நம் சப்ஸ்டேஷன் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த டிஜிட்டல் ரிலேக்களைச் செய்யும் ஷ்வைட்சர் இன்ஜினியரிங் லேபரட்டரீஸும் ஊழியர்களுக்குச் சொந்தமானதுதான்.

எல்லா ஊழியர்-உரிமை நிறுவனங்களிலும் ஈசாப் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒமாஹாவின் கீவிட் போன்ற சில இடங்களில் அழைக்கப்பட்டவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் பங்கு வாங்குகிறார்கள். உங்களுக்கு வந்திருப்பது எந்த வகை என்று இன்டர்வியூவிலேயே கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

சம்பளத்தைப் பேசி முடித்ததும் நம்மவர்கள் மருத்துவக் காப்பீட்டைக் கேட்போம், கிரீன் கார்டு கேட்போம், அதோடு நிறுத்திக்கொள்வோம். நானும் அப்படித்தான் செய்தேன். நீங்கள் திட்டச் சுருக்க ஆவணம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், எஸ்.பி.டி. என்பார்கள். முப்பது நாற்பது பக்கம் இருக்கும். அதில் முதலில் தேட வேண்டியது வெஸ்டிங், அதாவது கணக்கில் இருப்பது எப்போது முழுக்க உங்களுடையதாகிறது என்பது. சட்டப்படி இரண்டு வழி உண்டு. ஒன்று, மூன்று வருஷம்வரை பூஜ்யம், மூன்று முடிந்ததும் நூறு சதவீதம். இன்னொன்று, இரண்டாம் வருஷ முடிவில் 20 சதவீதம், அப்புறம் வருஷத்துக்கு இருபது கூடி ஆறாம் வருஷத்தில் முழுதும். கம்பெனிகள் இதைவிடச் சீக்கிரம் கொடுக்கலாம், தாமதிக்கக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'வருஷம்' என்பது பல திட்டங்களில் காலண்டர் வருஷமல்ல, 1000 மணி நேரம் வேலை பார்த்திருந்தால் ஒரு வருஷம். வாரம் நாற்பது மணி என்றால் இருபத்தைந்து வாரத்தில் அது முடிந்துவிடும். ஆனால் அந்த வருஷத்துக்கான பங்கு உங்கள் கணக்கில் ஏற வேண்டுமென்றால் டிசம்பர் 31 அன்று நீங்கள் வேலையில் இருந்தாக வேண்டும் என்று தனி நிபந்தனை இருக்கலாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் முந்தைய நிறுவனத்தில் மூன்று வருஷம் நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது, யாரிடமும் கேட்காமல், நவம்பரில் கிளம்பி வந்துவிட்டார். அந்த வருஷம் 1000 மணி எப்போதோ தாண்டியிருந்ததால் வெஸ்டிங் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வருஷத்துப் பங்கு போயே போய்விட்டது. ஆறு வாரம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும். இதெல்லாம் அந்த ஆவணத்தில் எழுதித்தான் இருந்தது.

அப்புறம் கேட்க வேண்டியது, வருஷா வருஷம் சம்பளத்தில் எத்தனை சதவீதம் ஈசாப்புக்குப் போகிறது, கடந்த பத்து வருஷத்தில் பங்கு விலை எப்படி ஏறி இறங்கியது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 80,000 டாலர், கம்பெனி 8 சதவீதம் போடுகிறது என்றால் வருஷத்துக்கு 6,400 டாலர். பங்கு விலை 100 என்றால் 64 பங்கு. அடுத்த வருஷம் விலை 110 ஆனால் அந்த 64 பங்கின் மதிப்பு 7,040, அதற்கு மேல் புது வரவு. பட்டியலிடாத கம்பெனி என்பதால் சந்தை விலை கிடையாது, வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து விலை சொல்வார். கம்பெனி தொழிலாளர் துறையிடம் தாக்கல் செய்யும் 5500 என்ற படிவம் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. திட்டத்தில் எத்தனை பேர், மொத்தச் சொத்து எவ்வளவு, பங்கு வாங்க அறக்கட்டளை எடுத்த கடனில் பாக்கி உண்டா என்று அதில் தெரிந்துவிடும். இன்டர்வியூவுக்கு முன் இரவு அரை மணி நேரம் இதற்குச் செலவிடுங்கள், வீண் போகாது.

இதையெல்லாம் கேட்டால் பணத்தாசை பிடித்தவர் என்று நினைப்பார்களோ என்ற தயக்கம் நம் வளர்ப்பில் உண்டு. தயங்காதீர்கள். உரிமையாளர் என்று அழைப்பவர்கள் உரிமையாளரின் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு விஷயம், மணிக்கூலியா மாதச் சம்பளமா? லைசென்ஸ் உள்ள இன்ஜினியர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம்தான், எத்தனை மணி நேரம் ஆனாலும் அதேதான். டிசைனர் பதவி பல இடங்களில் மணிக்கணக்கு, வாரம் 40 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். 'இன்ஜினியர்' என்ற பெயருக்கு ஆசைப்பட்டு அதை விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயரை விடுங்கள், உங்கள் வாரம் எத்தனை மணி என்று கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

வேலை எப்படி இருக்கும்

நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், கேபிளை சதுர மில்லிமீட்டரில் சொல்வோம். இங்கே வீட்டில் 120, கட்டடங்களில் 208/120 அல்லது 480/277, 60 ஹெர்ட்ஸ், கம்பி அளவு ஏ.டபிள்யூ.ஜி. எண் கூடினால் கம்பி மெலியும் என்பது மண்டையில் ஏறவே ஒரு மாதம் பிடிக்கும். என்.இ.சி. எனப்படும் மின்சட்டப் புத்தகம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும், ஆனால் ஒவ்வொரு ஊரும் எந்தப் பதிப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது வேறுபடும். புராஜெக்ட் தொடங்கும் நாளிலேயே அதை உறுதி செய்துகொள்ளுங்கள், பாதியில் தெரிந்தால் பேனல் ஷெட்யூல் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டிவரும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓடும் லோடுக்கு 125 சதவீதம் கணக்கிட வேண்டும் என்ற விதியை, 20 ஆம்ப் பிரேக்கரில் அப்படிப்பட்ட லோடு 16 ஆம்ப்தான் என்பதை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். ரெவிட், ஆட்டோகேட் தெரிந்திருக்கும். ஷார்ட் சர்க்யூட், ஆர்க் ஃப்ளாஷ் கணக்குக்கு எஸ்.கே.எம். அல்லது ஈடாப் மென்பொருளைக் கற்றால் உங்களைத் தேடி வருவார்கள்.

என்னைப் பொறுத்தவரை 'ஓனர்' என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தம் கிடைத்தது பங்குப் பத்திரத்தில் அல்ல, ஒரு சைட்டில். ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், என்னுடைய இரண்டாம் வருஷம். சுவரில் ஒரு பேனல் வைத்திருந்தேன், முன்னால் மூன்று அடி இடம், 30 அங்குல அகலம், எல்லாம் சட்டப்படி சரியாக விட்டிருந்தேன். பேனலுக்கு மேலேயும் ஆறு அடி உயரத்துக்கோ கூரைவரைக்கோ வேறு குழாய் எதுவும் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பிளம்பிங் குழு கடைசி வாரத்தில் கழிவுநீர்க் குழாயின் பாதையை மாற்றியதை நான் கட்டடத்தின் கம்ப்யூட்டர் மாடலில் திறந்து பார்க்கவில்லை. குழாய் நேராகப் பேனல் தலைக்கு மேல் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் நிறுத்திவிட்டார். பேனலை நகர்த்தி, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடரை நீட்டி, சுவரை உடைத்துப் பூசி... செலவை எங்கள் கம்பெனி ஏற்றுக்கொண்டது. யாரும் என்னைத் திட்டவில்லை. என் மேலதிகாரி அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிக் காட்டி, "இது நம்ம எல்லாருடைய கணக்கிலிருந்தும் போகுது" என்று மட்டும் சொன்னார். பக்கத்து மேஜையில் ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்த டிராஃப்டர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணக்கிலிருந்தும்தான். அன்றிலிருந்து வரைபடம் வெளியே போகும் முன் எல்லாப் பிரிவின் மாடலையும் ஒன்றாகத் திறந்து ஒவ்வொரு பேனலின் தலைக்கு மேலும் பார்க்காமல் நான் விடுவதில்லை. ஒரு பேனலுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அதோடு, எலக்ட்ரிகல்காரர்கள் ஏன் எப்போதும் கடைசிவரை ஆபீஸில் இருக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்க்கிடெக்ட் ஒரு அறையை நகர்த்தினால் ஏ.சி. குழு யூனிட்டை மாற்றும், யூனிட் மாறினால் மோட்டார் மாறும், மோட்டார் மாறினால் நம் பிரேக்கர், கம்பி, கான்ட்யூட், பேனல், சில சமயம் டிரான்ஸ்ஃபார்மர்வரை மாறும். எல்லா மாற்றமும் வழிந்து வந்து சேரும் பள்ளம் நாம்தான். எனவே கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் "இந்தத் தேதிக்குப் பிறகு இயந்திரப் பட்டியலில் மாற்றம் வந்தால் அது அடுத்த வரைபட வெளியீட்டில்தான் சேரும்" என்று ஒரு மின்னஞ்சல் போடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முகம் சுளிப்பார்கள், மூன்றாவது புராஜெக்டில் அவர்களே தேதி கேட்பார்கள். நேரம்தான் இங்கே பணம். டைம்ஷீட்டில் உண்மையான மணியை எழுதுங்கள். கம்பெனிக்கு நல்லது செய்வதாக நினைத்து மணியைக் குறைத்து எழுதினால் அடுத்த புராஜெக்டுக்கும் அந்தக் குறைந்த மணியையே வைத்துக் கட்டணம் சொல்வார்கள், இழப்பு எல்லோருக்கும்.

உரிமம்

டிசைனராகவே கடைசிவரை இருக்கலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வரைபடத்தில் முத்திரை குத்த ப்ரொஃபஷனல் இன்ஜினியர் உரிமம் வேண்டும். இந்தியப் பட்டத்தை, உரிமத் தேர்வுகளை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பு மதிப்பிட வேண்டியிருக்கும், அடிப்படைத் தேர்வு ஒன்று, பெரும்பாலான மாநிலங்களில் நாலு வருஷ அனுபவம், பிறகு துறைத் தேர்வு. டிப்ளமோ படித்தவர்கள் மனம் தளர வேண்டாம், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அனுபவத்தைக் கணக்கில் எடுக்கின்றன. பட்ட மதிப்பீட்டுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகச் சான்றிதழ் வர வேண்டும், அதை வரவழைப்பதுதான் பரீட்சையைவிடக் கஷ்டம். ஊருக்குப் போகும்போது நேரில் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வீட்டில்

'ஓனர்' என்ற சொல் உங்களிடமிருந்து நேரத்தை வாங்கும் கருவியாகிவிடக் கூடாது. நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு "நாமெல்லாம் ஓனர்கள்தானே" என்று ஆரம்பித்தாலே சனிக்கிழமை போய்விட்டது என்று அர்த்தம். மகளின் முதல் நடன அரங்கேற்ற ஒத்திகையை அப்படித்தான் தவறவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. வருஷத்துக்கு 64 பங்கு வருகிறது என்பதற்காக ஐம்பது சனிக்கிழமையைக் கொடுத்தால் பங்கு ஒன்றுக்கு எவ்வளவு விலை கொடுக்கிறீர்கள் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அவசரம் என்றால் நிற்கலாம், நிற்கவும் வேண்டும், பள்ளிக்கூடப் பேனல் நகர்த்திய வாரம் நான் வீட்டுக்கே சரியாக வரவில்லை. ஆனால் திட்டமிடாததால் வரும் அவசரம் வேறு. அதற்கு "திங்கள் காலை முதல் வேலையாகச் செய்கிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள்.

இந்தியாவில் மாடலிங் குழு இருந்தால் கோடையில் இங்கே இரவு எட்டரை என்பது அவர்களுக்குக் காலை ஏழு. வாரத்துக்கு இரண்டு நாள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள், மற்ற நாள் எழுதி அனுப்பினால் போதும். தெளிவாக எழுதினால் அவர்களுடைய காலையும் மிச்சமாகும். ஊருக்கு மூன்று வாரம் போவதென்றால் புராஜெக்ட் அட்டவணையில் வெளியீட்டுத் தேதிகளைப் பார்த்து ஆறு மாதம் முன்பே விடுமுறை போட்டுவிடுங்கள்.

பணத்தில் முக்கியமான ஒன்று. சம்பளமும் அங்கே, ஓய்வுப் பணமும் அங்கே என்றால் வீட்டை ஒரே தூணில் நிறுத்தியதுபோல். 1994-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் ஊழியர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து 55 சதவீதப் பங்கு வாங்கினார்கள், 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் நீதிமன்றத்துக்குப் போனது, பங்கும் போனது, பலருக்கு வேலையும் போனது. எனவே ஈசாப்பை இல்லாத பணமாக நினைத்துக் குடும்பத் திட்டம் போடுங்கள். 401கே-வில் கம்பெனி ஈடு கொடுக்கும் அளவுக்காவது போட்டு, பரவலான இண்டெக்ஸ் ஃபண்டில் வையுங்கள். ஆறு மாதச் செலவு வங்கியில் இருக்கட்டும், எச்1பி விசாவில் வேலை போனால் அடுத்ததைத் தேட அதிகபட்சம் 60 நாள்தான். 55 வயதும் திட்டத்தில் பத்து வருஷமும் ஆனதும் கணக்கில் 25 சதவீதம்வரை வேறு முதலீட்டுக்கு மாற்றச் சட்டம் வழி தருகிறது, அப்போதிலிருந்து ஆறாவது வருஷத்தில் அது 50 சதவீதம் ஆகும். அந்தக் கடிதம் வரும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

துணைவரிடம் ஈசாப் கணக்கின் ஆண்டு அறிக்கையைக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு கணக்கு இருப்பதே என் கணவருக்கு மூன்று வருஷம் தெரியாது, நான் மறைக்கவில்லை, பேசத் தோன்றவில்லை, அவ்வளவுதான். நீங்கள் இறந்தால் அந்தப் பணம் சட்டப்படி துணைவருக்குத்தான் போகும், பெற்றோர் பெயரை எழுத வேண்டுமென்றால் அவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தவர்கள் வாரிசுப் படிவத்தைக் கல்யாணமானதும் திரும்ப நிரப்புங்கள்.

கிளம்பும்போது

ஊழியர்-உரிமை நிறுவனமும் விற்கப்படலாம். சி.எச்.2.எம். அப்படிப்பட்ட ஒரு பெரிய பொறியியல் நிறுவனம், 2017-ல் ஜேக்கப்ஸ் வாங்கிக்கொண்டது. அன்றாட முடிவுகளில் உங்களுக்கு ஓட்டு கிடையாது, ஆனால் இணைப்பு, கலைப்பு போன்ற பெரிய விஷயங்களில் உங்கள் கணக்கிலுள்ள பங்குக்கு ஓட்டு உண்டு. அந்தக் காகிதம் வந்தால் முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

ஓய்வு வயதில் கிளம்பினால் அடுத்த திட்ட வருஷத்துக்குள் பணம் வரத் தொடங்க வேண்டும். முன்பே கிளம்பினால் கம்பெனி ஐந்து திட்ட வருஷம்வரை காக்க வைக்கலாம், அதன் பிறகும் தவணையாகக் கொடுக்கலாம். வீட்டு முன்பணத்துக்கு இதை நம்பாதீர்கள். வந்ததும் கையில் வாங்காமல் நேராக ஐ.ஆர்.ஏ. எனப்படும் தனிநபர் ஓய்வுகாலக் கணக்குக்கு மாற்றுங்கள். 59½ வயதுக்கு முன் கையில் வாங்கினால் வருமான வரியோடு பொதுவாக 10 சதவீத அபராதமும் உண்டு. ஊரோடு திரும்பிப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே இரண்டு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரைப் பாருங்கள், அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்குப் பணம் அனுப்பும்போது 30 சதவீதம் பிடித்துக்கொள்வதுதான் வழக்கமான தொடக்கம்.

கடைசியாக, முகவரி. காத்திருக்கும் அந்த ஐந்து வருஷத்தில் இரண்டு வீடாவது மாறியிருப்பீர்கள், ஆபீஸ் மின்னஞ்சல் கிளம்பிய அன்றே மூடப்பட்டிருக்கும். கிளம்பும் நாளில் சொந்த மின்னஞ்சலையும் ஊரில் மாறாத ஒரு முகவரியையும் திட்ட நிர்வாகியிடம் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகப் பதில் வாங்கி வையுங்கள். நான் அப்பாவின் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். பழைய நிறுவனத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் அங்கே போகிறது, அவர் அதைப் பிரித்து வரி விடாமல் போனில் படித்துக் காட்டுகிறார்.